பத்து நாள் லீவை எப்படிப் பிரிப்பது? முதல்முறை அப்பா ஆகப்போகிறவருக்கு ஒரு குழந்தை மருத்துவரின் பதில்

கேள்வி: நானும் மனைவியும் பெங்களூரு ஹூடியில் இருக்கிறோம். முதல் குழந்தை, இப்போது 34ஆவது வாரம். வளைகாப்பு முடிந்தும் மனைவி திருச்சிக்குப் போகவில்லை, இங்கேயே பிரசவம் என்று முடிவு செய்துவிட்டோம். மாமியார் வந்து ஒரு மாதம் இருப்பார். எனக்கு ஆபீஸில் பத்து வேலை நாள் லீவு தருகிறார்கள். நண்பர் ஒருவர் நாற்பது பொருள் கொண்ட லிஸ்ட் அனுப்பியிருக்கிறார், அதில் எதை வாங்குவது என்றே புரியவில்லை. பச்சைக் குழந்தையை நான் இதுவரை தூக்கியதுகூட இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: லீவிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. பொருள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், இந்த ஊரில் டயப்பர் பத்து நிமிஷத்தில் கதவைத் தட்டும், லீவு அப்படி வராது. என் கிளினிக்குக்கு வரும் அப்பாக்களில் பாதிப் பேர் செய்வது இதுதான்: வலி கண்ட அன்றே லீவு போட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் போனைப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் மாமியார், அம்மா, சித்தி என்று நாலு பேர் சுற்றி நிற்கிற வாரத்திலேயே மிச்சத்தையும் தீர்த்துவிட்டு, பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பும் அன்று ஒரு நாள்கூட மீதியில்லாமல் முழிப்பார்கள். பச்சைக் குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து ஏறிக்கொண்டே போய் ஆறாவது வாரம் வாக்கில்தான் உச்சத்துக்கு வரும். உங்கள் மாமியார் கிளம்புவது நாலாவது வாரம் முடிந்து. கணக்கு புரிகிறதா?

அதனால் ஐந்து நாள் பிரசவத்தை ஒட்டி, நாலு நாள் மாமியார் கிளம்புகிற வாரத்தில், ஒரு நாள் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு, குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் வேலையில் அப்பாக்களுக்குப் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது, கம்பெனி வைத்ததுதான் சட்டம், பிரித்து எடுக்க விடுவார்களா என்பதை இப்போதே கேட்டு மெயிலில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி. ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, டின் ஃபேக்டரி பக்கம் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்கிற நேரத்தில், வீட்டிலிருந்து அங்கே வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேப் காட்டும் இருபது நிமிஷத்தை நம்பாதீர்கள். போன கையோடு ராத்திரியில் எந்த கேட் திறந்திருக்கும், பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்.ஐ.சி.யு.) அதே கட்டடத்தில் இருக்கிறதா, ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிடுங்கள். மனைவியின் ரத்தப் பிரிவு உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். அவர் நெகட்டிவாக இருந்து குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் அவருக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும், அந்தக் களேபரத்தில் ஞாபகப்படுத்த வீட்டு ஆள் ஒருவர் இருப்பது நல்லது. 36 வாரம் முடிவதற்குள் பை தயாராக இருக்கட்டும்.

இனி அந்த லிஸ்ட். பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொன்னால் சண்டை போடாதீர்கள், அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பழைய பருத்தி வேட்டிகள் இரண்டைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, சதுரமாகக் கிழித்து வைத்தால் முதல் வாரம் ஓடிவிடும், புதுத் துணியைவிட அது தோலுக்கு இதம். இதோடு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், குல்லா, சாக்ஸ், பருத்தித் துண்டுகள், ஒரு பாக்கெட் டயப்பர், போதும். கடுகுத் தலையணை வேண்டாம், பவுடர் வேண்டாம், வாக்கர் எப்போதுமே வேண்டாம். பால் புட்டியும் அதைக் கொதிக்க வைக்கும் மெஷினும் ‘இருக்கட்டுமே’ என்று வாங்கி வைத்தால், ராத்திரி இரண்டு மணி அழுகையில் கை தானாக அங்கே போகும், அதனால் வாங்காமலே இருங்கள்.

தூளிக்கு எதிராகப் பேசி எந்தப் பாட்டியிடமும் நான் ஜெயித்ததில்லை, எனவே இப்படி ஒரு உடன்பாட்டுக்கு வாருங்கள்: பகலில் பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டே ஆட்டலாம், ராத்திரித் தூக்கம் மட்டும் தட்டையான கெட்டி மெத்தையில், மல்லாக்க, தலையணையோ பொம்மையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல். தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கிவிடும் என்பதுதான் என் பயம்.

தூக்கியதே இல்லை என்று கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். என் மகள் பிறந்தபோது நான் குழந்தை மருத்துவம் படித்து முடித்திருந்தேன், அடுத்தவர் குழந்தைகளை நூற்றுக்கணக்கில் தூக்கியவன், ஆனால் ஒரு கோவணத் துணியை இடுப்பில் நிற்கிற மாதிரி கட்டத் தெரியாமல் மாமியார் முன்னால் நின்றேன். எல்லாம் வந்துவிடும். முதலில் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு குனிந்து உங்கள் நெஞ்சைக் குழந்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், குழந்தையை உங்கள் உயரத்துக்கு இழுக்காதீர்கள். ஒரு உள்ளங்கை பின்னந்தலைக்கும் கழுத்துக்கும் அடியில், இன்னொன்று புட்டத்துக்கு அடியில். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து, தலையை மெதுவாக முழங்கை மடிப்புக்கு நகர்த்துங்கள். குழந்தை ‘திக்’கென்று இரண்டு கையையும் விரித்துத் துள்ளும், பயப்படாதீர்கள், எல்லாப் பச்சைக் குழந்தைக்கும் உள்ள அனிச்சைச் செயல் அது. சட்டையைக் கழற்றிவிட்டு, டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை வெறும் நெஞ்சில் படுக்கவைத்து மேலே ஒரு போர்வை போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் சாய்ந்து உட்காருங்கள். கங்காரு முறை என்று நாங்கள் சொல்வது இதைத்தான், அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை. உங்களுக்குத் தூக்கம் சொக்கினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், சோபாவில் குழந்தையோடு தூங்கிப்போவது ஆபத்து.

ஆஸ்பத்திரியில் பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி, அப்புறம் வைட்டமின் கே ஊசி, இந்த நாலும் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். குதிகாலில் குத்தி எடுக்கும் தைராய்டு பரிசோதனையும் காது கேட்கும் பரிசோதனையும் செய்தார்களா என்று வாயைத் திறந்து கேளுங்கள், கேட்காவிட்டால் சில இடங்களில் விட்டுப்போகும். வைட்டமின் டி சொட்டு தினமும் 400 யூனிட், ஒரு வயது வரை. ஒரே பேரில் வேறு வேறு அடர்த்தியில் பாட்டில்கள் விற்கிறார்கள், எத்தனை மில்லி என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நான் ஒவ்வொரு அப்பாவிடமும் கேட்கும் வேலை. பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். குழந்தை எத்தனை முறை பால் குடித்தது, எத்தனை முறை ஒன்றுக்குப் போனது, எத்தனை முறை ரெண்டுக்குப் போனது, என்ன நிறம். அவ்வளவுதான். “நேற்று எத்தனை முறை யூரின் போச்சு?” என்று நான் கேட்டால் பெரும்பாலான அப்பாக்கள் திரும்பி மாமியார் முகத்தைப் பார்ப்பார்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று ஏறி, ஐந்தாறு நாளில் ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். மலம் முதலில் தார் மாதிரி கருப்பாக இருக்கும், பச்சைக்கு மாறி, நாலைந்து நாளில் மஞ்சளாகிவிடும்.

இந்த நோட்டு எதற்கு உதவும் தெரியுமா? பிறந்த எடையில் ஏழு சதவீதம், சில குழந்தைகளுக்குப் பத்து வரைகூட, முதல் சில நாளில் குறையும், பத்துப் பதினான்கு நாளில் திரும்ப வந்துவிடும். இது தெரியாமல் மூன்றாம் நாள் வீட்டில் யாராவது “பால் பத்தலை, புள்ளை காஞ்சு போச்சு” என்று ஆரம்பிப்பார்கள், பால் பவுடர் டப்பா வந்து சேரும். சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும், அந்த வயிற்றுக்கு அது போதும். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுத்து, நோட்டில் கணக்கும் சரியாக ஏறுகிறதென்றால் நீங்கள் தைரியமாக நிற்கலாம். ஏறவில்லையென்றால் வீட்டில் விவாதிக்காமல் நேராக எங்களிடம் வாருங்கள். சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு உரசி ஊற்றுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். வசம்பைக் கையில் கட்டுவதாக இருந்தால் அது வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும். சாம்பிராணிப் புகை இந்த அடைத்த ஃபிளாட்டில் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. மாமியாரிடம் மோத வேண்டாம், “அத்தை, டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்” என்று பழியை என் தலையில் போடுங்கள். கன்னடத்தில் பாணந்தன என்று சொல்கிறார்களே, அந்தப் பிள்ளைபெற்ற கவனிப்புக்கு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட, ஆள் அமர்த்தினாலும் இதே விதிதான். தொப்புள்கொடி உலர்ந்து விழ ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும், அதுவரை உடம்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும், கொடியில் எதையும் தடவ வேண்டாம்.

மஞ்சள் காமாலையை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். பகலில் ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்கு நுனியையும் நெஞ்சையும் விரலால் லேசாக அழுத்தி எடுத்தால், காமாலை இருந்தால் அந்த இடம் மஞ்சளாகத் தெரியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ அன்றே காட்ட வேண்டும், பால்கனி வெயில் அதற்கு வைத்தியம் ஆகாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4, அதைத் தொட்டால் மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு அது அவசரம். குளிருக்குப் பயந்து மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தால் தளர்த்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அப்போதும் 38 என்றால் நீங்களாக சொட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, நிமிஷத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு (ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும்), நெஞ்சு உள்வாங்குவது, பச்சை நிற வாந்தி, முதல் சில நாள் தாண்டிய பிறகு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்குப் போகாதது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. வண்டி கிடைக்காவிட்டால் 108.

ராத்திரியில் பால் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் உங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை எழுந்தால் துணி மாற்றி மனைவி கையில் கொடுத்து, குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வர முதுகைத் தடவி, நீங்களே படுக்க வையுங்கள், ஒவ்வொரு முறையும் மனைவிக்கு இருபது நிமிஷத் தூக்கம் மிச்சமாகும். எவ்வளவு செய்தும் அழுகை நிற்காத ராத்திரி வரும், உங்களுக்குக் கோபம் தலைக்கு ஏறும், எல்லோருக்கும் ஏறும். அப்போது குழந்தையை மெத்தையில் மல்லாக்க விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் பால்கனிக்குப் போய் வாருங்கள். உலுக்க மட்டும் கூடாது, ஒருமுறை உலுக்கினாலே மூளையில் ரத்தம் கசியலாம்.

மனைவி மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமில்லாமல் அழுதால் அது சகஜம், தானாக அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, குழந்தை தூங்கினாலும் இவருக்குத் தூக்கம் வராதது, ‘நான் லாயக்கில்லை’ என்ற பேச்சு தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்கிற மாதிரி பேசினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவே இருக்கிறது. அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாகக் காகிதம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும், ஆனால் அவர்கள் நிரப்பும் படிவத்தை நீங்கள் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நம் இனிஷியல் இந்த ஊரில் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும், ஆபீஸ் ஐடியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் விரிந்து இன்னொரு மாதிரி. உங்கள் இருவர் பேரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை, பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பேர் இன்னும் முடிவாகவில்லையென்றால் அவசரமில்லை, ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ஆபீஸ் இன்ஷூரன்ஸில் குழந்தையைச் சேர்க்க மட்டும் கெடு குறைவாக இருக்கும், எத்தனை நாள் என்பதை லீவைப் பற்றி எழுதும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.