வானொலியில் பேசும் பொம்மை எப்படி எடுபட்டது?

உதட்டை அசைக்காமல் பேசி, பொம்மையே பேசுவதுபோலக் காட்டுவதுதான் வென்ட்ரிலோக்விசம் என்றால், உதடே தெரியாத வானொலியில் அமெரிக்கக் கலைஞர் எட்கர் பெர்கன் எப்படிப் புகழ் பெற்றார் என்பது நியாயமான கேள்வி. 1936 டிசம்பரில் பாடகர் ரூடி வாலியின் வானொலி நிகழ்ச்சியில் விருந்தினராக வந்த பெர்கனும் அவருடைய மரப்பொம்மை சார்லி மெக்கார்த்தியும், 1937 மே மாதத்திலேயே அமெரிக்காவின் என்பிசி வானொலியில் வாராந்தர நிகழ்ச்சியொன்றின் நட்சத்திரங்களாகிவிட்டனர்.

அந்த வெற்றி உதட்டால் வந்ததன்று, முழுக்க முழுக்கக் குரலாலும் குணவார்ப்பாலும் வந்தது என்பதே என் உறுதியான கருத்து. பெர்கன் நிதானமாகக் கண்டிக்கும் பெரியவராகவும், சார்லி வாய்த்துடுக்கான சிறுவனாகவும் மாறி மாறிப் பேசும்போது, இரண்டு குரல்களும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதையே கேட்பவர் மறந்துவிடுகிறார். நகைச்சுவை நடிகர் டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸுடன் சார்லி நடத்திய வாய்ச்சண்டை இதற்கு அருமையான சான்று: சார்லி அவருடைய குடியையும் மூக்கையும் சீண்டுவான், அவரோ கரையானையும் மரங்கொத்தியையும் சொல்லி, சார்லி வெறும் மரக்கட்டைதான் என்று மட்டம் தட்டுவார். இன்னொரு பொம்மையான, மந்தபுத்திக்கார மார்ட்டிமர் ஸ்னெர்டுக்கு பெர்கன் கொடுத்த இழுவைக் குரலோ சார்லியின் குரலுக்கு முற்றிலும் வேறானது.

பெர்கனின் உதடுகள் அசைவதைச் சார்லியே கேலி செய்வதுண்டு. மேடையில் குறையாகத் தெரிந்திருக்கக்கூடிய அது, வானொலியில் நகைச்சுவைக்கான சரக்காகவே ஆகிவிட்டது. பிரிட்டனிலும் பீட்டர் பிரஃபும் அவருடைய ஆர்ச்சி என்ற பொம்மையும் 1950 முதல் பிபிசி வானொலியில் இதே வழியில் பெரும் வரவேற்பைப் பெற்றனர்.