கேட்காமல் பில்லில் ஏறும் காசு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பெரிய துணிக்கடை ஒன்றில் 2,400 ரூபாய்க்கு உடுப்பு எடுத்தேன். நான் கொண்டுபோன பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பில் போடும்போது, கடையின் பெயர் அச்சிட்ட காகிதப் பைக்கு 12 ரூபாய் சேர்த்துவிட்டார்கள். கேட்டால், "பிளாஸ்டிக் தடை மேடம், அரசு உத்தரவு" என்கிறார்கள். உண்மையா? (வாசகி, அல்சூர்)

இல்லை. கர்நாடகத்தில் பிளாஸ்டிக் கைப்பைக்கு 2016 முதல் தடை இருக்கிறது. ஆனால் காகிதப் பைக்கோ துணிப் பைக்கோ காசு வாங்கச் சொல்லும் உத்தரவு அதில் எங்கும் கிடையாது. பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் மத்திய அரசின் விதி ஒன்று இருந்தது. அதைக் காகிதப் பைக்கும் நீட்டித்துச் சொல்வது கடைகளுக்கு வழக்கமாகிவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, 1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பொருளை ஒப்படைக்கும் நிலைக்குக் கொண்டுவரும் செலவு விற்பவருடையது என்று அதன் 36-வது பிரிவு சொல்கிறது. இரண்டாவது, தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பர் 22 அன்று கொடுத்த தீர்ப்பு. பைக்குத் தனிக் காசு உண்டு, அது எவ்வளவு, பை எப்படிப்பட்டது என்பதெல்லாம் பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது. பில் கவுன்டரில் போய்ச் சொல்வது தாமதம். சொந்தப் பையை வாசலில் பிடுங்கி வைத்துவிட்டு உள்ளே பை விற்பது இன்னும் மோசம், ஏனென்றால் வாங்குபவருக்கு வேறு வழியே வைக்கவில்லை. நம் ஊரிலேயே, நாகசந்திராவில் உள்ள பெரிய அறைகலன் கடை ஒன்று 20 ரூபாய் பைக்காக இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நுழைவாயிலில் பையின் விலை தெளிவாக எழுதி வைத்து, உங்கள் பையையும் உள்ளே விட்டிருந்தால், அந்த 12 ரூபாயை எதிர்த்து வெல்வது கடினம். அதனால் அடுத்த முறை முதலில் வாசலைப் பாருங்கள். அறிவிப்பு இல்லையென்றால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், "பை வேண்டாம், அதை பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் காசாளரால் எளிதாக நீக்க முடியும். கொடுத்த பிறகு மேலாளர் வர வேண்டும், அவர் வருவதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

கேள்வி: தெருமுனைக் கடையில் பால் பாக்கெட்டுக்கு 1 ரூபாயும் குளிர்பானத்துக்கு 5 ரூபாயும் "கூலிங் சார்ஜ்" என்று கூடுதலாக வாங்குகிறார்கள். கரண்ட் பில் கட்ட வேண்டாமா என்கிறார் கடைக்காரர். (வாசகர், ஸ்ரீராமபுரம்)

பாலில் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பது உண்மைதான். ஆனாலும் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் பால் நிறுவனம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் சில்லறைக் கடை ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எல்லா வரியும் அந்த விலைக்குள் அடக்கம் என்பதால், அதன்மேல் ஜி.எஸ்.டி. போடுவதும் தவறு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே விற்கப்படுவது பாட்டில் மட்டுமல்ல, இடமும் சேவையும் சேர்ந்தது என்பது அதன் வாதம். பெட்டிக்கடைக்கு அது பொருந்தாது.

இப்படிப்பட்ட புகார்கள் தோற்பது சாட்சி இல்லாததால்தான். பில் கேளுங்கள்; தர மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் கிடைக்காவிட்டால் அந்த ஒரு பொருளை மட்டும் தனியாக வாங்கி, யு.பி.ஐ.யில் பணம் கொடுங்கள். கடையின் பெயர், தொகை, நேரம் மூன்றும் பதிவாகும். அதோடு பாக்கெட்டின் விலை தெரியும் படம் ஒன்றையும் சேர்த்து மாநில சட்டமுறை எடையளவுத் துறைக்குப் புகார் அனுப்பலாம்.

கேள்வி: இந்திரா நகர் உணவகத்தில் சாப்பாட்டுக்கு 2,000 ரூபாய், அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். கொடுத்தே ஆக வேண்டுமா? (வாசகர், காக்ஸ் டவுன்)

வேண்டாம். சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

உங்கள் பில்லில் 200 ரூபாய் மட்டும் கூடவில்லை. 2,200-க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு 2,310 ஆக்கியிருப்பார்கள். நியாயமான தொகை 2,100. "ஊழியர் நலன்" போன்ற பெயர்களிலும் இதே கட்டணம் வருகிறது, கவனியுங்கள். நீக்கிய பிறகு பழைய பில்லில் பேனாவால் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், புது பில் கேளுங்கள். பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் நேராக அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதல் என்று எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சொல்கிறார்கள். (வாசகி, சிவாஜி நகர்)

என்ன கார்டு என்பதைப் பொறுத்தது. யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் வங்கி வாங்கும் கட்டணமே பூஜ்யம். ஆகவே "கார்டு சார்ஜ்" என்று கேட்பதற்கு அடிப்படையே இல்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு வங்கி கட்டணம் வாங்கலாம். ஆனால் கடைக்காரர் அதை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் உத்தரவிட்டது. கிரெடிட் கார்டில்தான் சிக்கல். அது கடைக்கும் அதன் வங்கிக்கும் உள்ள ஒப்பந்தத்தைச் சார்ந்தது.

எந்தக் கார்டானாலும் அந்த 2 சதவீதத்தைத் தனியாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல கடைகள் அந்த இடத்திலேயே விட்டுவிடும். எழுதித் தந்தால், கார்டு இயந்திரத்தின் சீட்டில் எந்த வங்கியின் பெயர் இருக்கிறது என்று பார்த்து அந்த வங்கிக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். உதவிக்கு 14448.

கேள்வி: சிக்பேட்டையில் ஒரு செயின், ஒரு மோதிரம், ஒரு வளையல் வாங்கினோம். "ஹால்மார்க் சார்ஜ்" என்று 600 ரூபாய் போட்டிருக்கிறார்கள். (வாசகி, ஆஸ்டின் டவுன்)

தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டணம் ஒன்றுக்கு 45 ரூபாய்தான். 2 கிராம் மோதிரமானாலும் 40 கிராம் ஆரமானாலும் அதே 45. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 53 ரூபாய் 10 காசு. மூன்றுக்கும் 159 ரூபாய் 30 காசு. "குறைந்தபட்சம் 200" என்று கடையில் சொல்லக்கூடும். அது ஹால்மார்க் மையத்துக்குக் கடை மொத்தமாக அனுப்பும் ஒரு தொகுப்புக்கான குறைந்தபட்சத் தொகை. தனித்தனி நகைக்கு அதை வசூலிக்க முடியாது.

நகை பில்லை உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். கல் எடையைக் கழித்த தங்கத்தின் நிகர எடை, எத்தனை காரட், ஹால்மார்க் கட்டணம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். செய்கூலி, சேதாரத்துக்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. அங்கேதான் பேரம் பேச இடம் இருக்கிறது. 10 கிராம் செயினுக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 1.2 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். கல் வைத்த நகையில் அந்தச் சதவீதத்தை மொத்த எடைக்குப் போட்டார்களா, நிகர எடைக்கா என்று கேளுங்கள். கல்லுக்கும் சேர்த்துத் தங்க விலை வாங்குவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

நகையில் பொறித்த 6 எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி.யை (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பாருங்கள். அங்கே காட்டும் நகை வகையும் காரட்டும் கையில் இருப்பதோடு பொருந்த வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கீகரிக்கப்பட்ட ஹால்மார்க் மையத்தில் நான்கு நகை வரை 200 ரூபாய்க்குச் சோதிக்கலாம். தரம் குறைந்திருந்தால், குறைவான தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் உங்களுக்குச் சேர வேண்டும்.

கேள்வி: மளிகைச் செயலியில் கடைசித் திரையில் கையாளும் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம், நன்கொடை என்று ஏறிக்கொண்டே போகிறது. (வாசகர், கே.ஆர்.புரம்)

ஆரம்பத்தில் ஒரு விலை காட்டிக் கடைசியில் ஏற்றுவதும், நீங்கள் கேட்காததைக் கூடையில் போடுவதும் 2023 நவம்பரில் வெளியான நெறிகள் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும். முன்கூட்டியே டிக் செய்துவைத்த பெட்டியை உங்கள் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளும் சொல்கின்றன. பொருளைத் தொடும் திரையிலிருந்து பணம் கட்டும் திரை வரை திரைப்பதிவு செய்து, செயலியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

கேள்வி: பழுதான மிக்ஸியைத் திரும்பக் கொண்டுபோனால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். எனக்குக் கன்னடம் எழுத வராது. எங்கே, எப்படிப் புகார் செய்வது? (வாசகர், மர்பி டவுன்)

நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது; அது கடையின் விருப்பம். பழுதான பொருள் வேறு. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். அந்த வாசகம் சட்டத்தின் முன் நிற்காது.

முதலில் கடைக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் சாட்சிக்கு நிற்காது. அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசித் தீர்க்க முயல்வார்கள், உத்தரவிட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே ஆங்கிலத்தில் மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு வரை நேரம் உண்டு.

மனுக்கள் தடுமாறுவது பெரும்பாலும் எதிர்மனுதாரர், அதாவது நீங்கள் யார் மீது வழக்குப் போடுகிறீர்களோ அவர் பெயரில். பலகையில் உள்ள பெயரைப் போட்டால் நோட்டீஸ் திரும்பி வந்துவிடும். பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை (கர்நாடகப் பதிவு என்றால் 29-ல் தொடங்கும்) ஜி.எஸ்.டி. தளத்தில் தேடினால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயரும் முகவரியும் கிடைக்கும். அதையே எழுதுங்கள். மிக்ஸியில் தயாரிப்புக் குறை என்பதால் தயாரித்த நிறுவனத்தையும் இரண்டாவது எதிர்மனுதாரராகச் சேருங்கள். சர்வீஸ் சென்டர் பழுதைக் குறித்துக் கொடுத்த சீட்டு (ஜாப் ஷீட்) இருந்தால் அதுதான் உங்கள் வலுவான ஆவணம். இப்போதைய பில்கள் வெப்பத் தாளில் அச்சாகிச் சில மாதத்தில் வெளுத்துவிடுகின்றன. வாங்கிய அன்றே படம் எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வைத்துவிடுங்கள்.