டிராகன் பால் ஃபைட்டர்ஸ் யாருக்கான கேம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சண்டை கேம்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் ‘டிராகன் பால்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து வளர்ந்தவன். அந்தப் பிரியத்தில்தான் ‘டிராகன் பால் ஃபைட்டர்ஸ்’ வாங்கினேன். முதல் வாரம் சொர்க்கம். ஆன்லைனுக்குப் போனதும் எல்லாம் மாறிவிட்டது. ஒரு அடி பட்டால் போதும், அதன்பிறகு கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எல்லாக் கதாபாத்திரங்களும் ஒரே மாதிரி ஆடுவதாகவும் தோன்றுகிறது. ஸ்டோரி மோடைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். இது ரசிகர்களுக்கான கேமா, போட்டியாளர்களுக்கான கேமா? தொடர்ந்து ஆடலாமா?

கே.

அன்புள்ள கே.,

தொடர்ந்து ஆடுங்கள். ஸ்டோரி மோட் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். காம்போ, அதாவது ஒரு அடி பட்டதும் விடாமல் தொடர்ந்து விழும் அடிகள், பற்றிய குறையையும் பெருமளவு ஏற்கிறேன். ‘எல்லாரும் ஒரே மாதிரி’ என்பதில்தான் எனக்குப் பாதி உடன்பாடு.

முதலில் அந்தச் சொர்க்கம். திரையில் இருப்பது கையால் வரைந்த படம் என்றே நம்பத் தோன்றும். உண்மையில் அவை முப்பரிமாண உருவங்கள். இதை உருவாக்கிய ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனம் 2014-ல் தன் ‘கில்டி கியர் எக்ஸ்ஆர்டி’ சண்டை கேமில் கையாண்ட முறையை 2018-ல் டிராகன் பாலுக்குக் கொண்டுவந்தது. வழக்கமான 3டி அசைவில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே உள்ளதைக் கணினி நிரப்பிவிடும், அதனால் உடல் வழுக்கிக்கொண்டு போகும். இவர்கள் அப்படி நிரப்ப விடுவதில்லை. ஒவ்வொரு நிலையையும் கலைஞர்களே அமைத்து, சில ஃபிரேம்கள் அசையாமல் நிறுத்துகிறார்கள். டிவி அனிமேயின் வெட்டி வெட்டிப் பாயும் வேகம் அதிலிருந்துதான் வருகிறது. கதைப்படி பகையான இருவர் உரிய களத்தில் மோதி, கடைசி ஆளைப் பலமான அடியில் வீழ்த்தினால் அந்தப் பழைய காட்சியே முடிவாக வரும். நாயகன் கோக்குவும் வில்லன் ஃப்ரீசாவும் மோதும்போது அதைப் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு அன்போடு மூலக்கதையைப் பார்த்த சண்டை கேம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே நுழைவதும் எளிது. ஒரே பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் காம்போ வந்துவிடும். சிறப்புத் தாக்குதல்களில் பெரும்பாலானவை திசைக் குச்சியைக் கால்பங்கு வட்டமாகச் சுழற்றும் அசைவுதான். எதிரியை நோக்கிப் பறக்கும் சூப்பர் டேஷ், மறைந்து எதிரியின் பின்னால் தோன்றும் வானிஷ், தடுப்பை உடைக்கும் டிராகன் ரஷ் மூன்றும் எல்லாரிடமும் உண்டு. நீங்கள் சொல்லும் ஒற்றுமை இங்கிருந்து வருவதுதான். மூன்று பேர் கொண்ட அணியை ஒரே நேரத்தில் பழக வேண்டிய கேமில், ஆளுக்கொரு இலக்கணம் வைத்தால் புதியவர் யாரும் தங்கமாட்டார். வேற்றுமை அதற்கு அடியில் இருக்கிறது. நப்பா, சைபாமேன் என்ற குட்டி உயிரினங்களை விதைத்துவிட்டுச் சண்டையிடுகிறார். கேப்டன் கின்யு தன் படையை ஒவ்வொருவராக அழைக்கிறார், எதிரியின் உடலையே மாற்றி எடுத்துக்கொள்கிறார். இவர்களை ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். ஆனால் காம்போவின் நடுப்பகுதி, யாரை எடுத்தாலும், ஒரே தாளத்தில்தான் ஓடுகிறது. அது உண்மையான குறை. கோக்குவுக்கே, கறுப்பு கோக்குவையும் சேர்த்து, ஆறு வடிவங்கள் வந்த பிறகு அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தொடக்கத்தில் இருந்த 24 பேரில் பெண்கள் ஆண்ட்ராய்டு 18, ஆண்ட்ராய்டு 21 என இருவர் மட்டுமே என்பதும் எனக்கு வருத்தம்தான்.

ஸ்டோரி மோட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கதாபாத்திரங்களுக்கு இடையே வரும் சிறு உரையாடல்கள் அருமை. அவற்றைப் பார்க்க, வரைபடத்தில் கட்டம் கட்டமாக நகர்ந்து அதே நகல் வீரர்களை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. விட்டது சரி.

என் பெரிய மனக்குறை வேறு. இந்தக் கேமில் முதல் படி இருக்கிறது, உச்சிப் படி இருக்கிறது, நடுவில் படிகளே இல்லை. ஒரே பட்டன் காம்போவைச் சொல்லித்தருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து காம்போ சவால்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்களைப் போன்றவர் தோற்பது காம்போ தெரியாததால் அல்ல, தடுக்கத் தெரியாததால். தடுப்பைப் பொறுமையாகப் பழக்கும் பாடம் உள்ளே இல்லை. அதனால்தான் பத்து விநாடிக்கு மேல் நீளும் காம்போ உங்களுக்குத் தண்டனையாகத் தெரிகிறது. அடிகள் கூடக் கூட ஒவ்வொரு அடியின் சேதமும் குறைந்துகொண்டே வரும். நீங்கள் தோற்பது காம்போவின் நடுவில் அல்ல, அது முடிந்து எழுந்திருக்கும் நொடியில். எழுந்தவுடன் பதற்றத்தில் பட்டனை அழுத்துகிறோம், அடுத்த காம்போ தொடங்குகிறது.

ஆன்லைன் இதை மேலும் கெடுத்தது. முதலில் இருந்த முறையில், எதிராளியின் பட்டன் தகவல் வந்துசேரும்வரை உங்கள் பட்டனும் காத்திருக்கும். இணைப்பு மோசமானால் கை கனத்துப்போகும், நேரம் பார்த்துத் தடுக்க முடியாது. எதிராளியின் அசைவை ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, தவறினால் திருத்திக்கொள்ளும் ரோல்பேக் முறை 2024-ல்தான் வந்தது. அதுவும் பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் ஆகியவற்றுக்கு மட்டும். பிஎஸ்4-லோ ஸ்விட்ச்சிலோ ஆடுபவர் என்றால், உங்கள் தோல்விகளில் ஒரு பங்கு இணைப்புக்குச் சேரும்.

ரசிகருக்கா, போட்டியாளருக்கா என்று கேட்டீர்கள். இருவருக்கும்தான் செய்திருக்கிறார்கள், முதலாமவர் இரண்டாமவர் ஆவதற்கான வழியை மட்டும் போடாமல் விட்டுவிட்டார்கள். அந்த வழியை நாமே போட்டுக்கொள்ளலாம். சூப்பர் டேஷில் பறந்து வருபவரைக் கீழ் திசையோடு பலமான அடியை அழுத்தி வீழ்த்தப் பழகுங்கள். இது எல்லாக் கதாபாத்திரங்களிடமும் உண்டு. தடுத்துக்கொண்டிருக்கும்போது பின்திசையோடு ஸ்பெஷல் பட்டனை அழுத்தி எதிரியைத் தள்ளிவிடுவது அடுத்தது. சண்டை கேம்களின் பெரிய போட்டியான இவோவின் 2018 இறுதியில் சோனிக்ஃபாக்ஸ், கோ1 என்ற இரு வீரர்கள் ஆடியதைப் பாருங்கள். தடுப்பாட்டத்துக்குப் பெயர்பெற்றவர் கோ1. அடிப்பவரை விட்டுவிட்டு அடிவாங்குபவரின் மீது மட்டும் கண் வையுங்கள். பிறகு பயிற்சி மோடில், உங்களை அடிக்கடி வீழ்த்தும் அந்த ஒரு தாக்குதலை எதிராளியின் அசைவாகப் பதிவு செய்து ஓடவிட்டு, திருப்பி அடிக்காமல் தடுத்துக்கொண்டே இருங்கள். அது கைக்கு வரும்வரை காம்போ சவால்கள் பக்கம் போகவேண்டாம்.