ஒப்படை எழுத்து குழம்பித் தெரிவது

மகளின் ஒப்படை போனில் குழம்பித் தெரிகிறது, கோப்பு பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கோப்பு பழுதாகவில்லை. மகளின் தரம் 10 விஞ்ஞான ஒப்படையை ஆசிரியர் பாமினி என்ற, ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார் போல. உங்கள் போனில் அது இல்லாததால்தான் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது.

ஒன்றைப் பாருங்கள்: நடுநடுவே அரைப்புள்ளி (;) நிறைய வருகிறதா? பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசைதான். வந்தால் பெரும்பாலும் பாமினிதான்.

ஆசிரியரிடம் அதையே பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள், அவருடைய கணினியில் ஒரு நிமிட வேலை. யூனிகோட் மாற்றியில், அதாவது பாமினி எழுத்தைப் போனில் தெரியும் தமிழாக மாற்றும் கருவியில், போட்டும் வாசிக்கலாம். ஆனால் சூத்திரங்களும் அலகுகளும் தமிழெழுத்தாகிக் குழம்பிவிடும், விஞ்ஞானத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

மஸ்கெலியாவில் சிக்னலுக்காக மேட்டு லயம் வரை ஏறி இறக்கிய கோப்பு என்கிறீர்கள். பிள்ளை செய்யாமல் விட்டதாகப் புள்ளி குறையக் கூடாது. திரையைப் படமெடுத்து இன்றே ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள்.