ட்ரையல்ஸ் சைக்கிள்ல சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டா மணிக்கட்டு வலி போகுமா?

மாட்டாதீங்க. ட்ரையல்ஸ்னா கால ஊனாம கல்லு, படி மேலெல்லாம் குதிச்சு ஏறி இறங்கி ஓட்டறது. குதிச்சு இறங்கறப்போ மணிக்கட்டு வலிக்குதுன்னு 100 மிமீ அமுங்குற சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்வீலப் பிடிக்கிற கவை) போட நினைக்கிறீங்க, ஆனா முன்வீல்ல ஹாப் அடிக்கறப்போ நீங்க அழுத்துற அழுத்தத்த டயர் திருப்பித் தரணும், ஃபோர்க் உள்ள அமுங்கிட்டா அந்த பலம் அங்கயே செத்துடும், வீல் எங்க நிக்கும்ங்கிற கணக்கும் தப்பும். லாக்அவுட் (ஃபோர்க் அமுங்காம பூட்டற வசதி) இருந்தாலும் பெரும்பாலும் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும்.

அப்புறம் உயரம். ட்ரையல்ஸ் சைக்கிளோட ரிஜிட் (அமுங்காத) ஃபோர்க்க விட சஸ்பென்ஷன் ஃபோர்க் பல செ.மீ. நீளம், 2 செ.மீ. ஏறினாலே ஹெட் ஆங்கிள் (ஹேண்டில் தண்டு சாஞ்சிருக்கற கோணம்) கிட்டத்தட்ட 1 டிகிரி சாஞ்சுடும்.

வலிக்குக் காரணம் முன்டயர்ல காத்து ஜாஸ்தியா இருக்கறதுன்னு தோணுது. கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா ஒவ்வொரு தடவையும் 2 பிஎஸ்ஐ மட்டும் குறைச்சு, படி விளிம்புல முன்வீல மெதுவா இறக்கிப் பாருங்க, ரிம் ‘டக்’னு இடிச்சா கொஞ்சம் திருப்பி ஏத்திடுங்க. இறங்கறப்போ பின்வீல் முதல்ல தொடணும், முழங்கை மடங்கி இருக்கணும், கைய விறைப்பா வச்சா எந்த ஃபோர்க்கும் காப்பாத்தாது.

ஜம்ப், ட்ரெயில்தான் அதிகம் ஓட்டுவீங்கன்னா விஷயம் வேற, ஆனா ஃப்ரேமே அந்த நீள ஃபோர்க்குக்காக செஞ்சதா இருக்கணும். மணிக்கட்டுல வீக்கமும் இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க.