ஒரு பெட்டி மட்டும் ஏன் செத்தது?

கேள்வி: ஐயா, ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இரண்டு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். ஏப்ரலில் தேன் எடுத்து முடித்ததும் பெரிய கூட்டத்திலிருந்து மூன்று அடையைப் பிரித்து இரண்டாவது பெட்டியில் வைத்தோம். ராணி பிறந்து முட்டையும் இட்டது. ஜூன் மழையில் இரண்டுக்கும் சிரட்டையில் சீனிப்பாகு வைத்தேன். எறும்பு மொய்க்கிறது, ஈயும் அதிகம் குடிக்கவில்லை என்று பிறகு நிறுத்திவிட்டேன். ஆகஸ்டு தொடக்கத்தில் மழை கொஞ்சம் விட்டபோதுகூட சின்னப் பெட்டியின் வாசலில் ஈக்கள் நன்றாகப் போய்வந்தன. அடுத்த வாரம் திறந்தால் எல்லாம் முடிந்திருக்கிறது. அடித்தட்டில் ஒரு பிடி செத்த ஈ. சில ஈக்கள் அடையின் அறைக்குள் தலையை விட்டபடியே செத்திருக்கின்றன. ஒரு அடையில் வெள்ளை நூலும் புழுவும். பெரிய பெட்டிக்கு ஒன்றும் இல்லை. அடையைத் தின்னும் மெழுகுப்புழு கொன்றுவிட்டது என்கிறார் அண்ணன். பக்கத்து வாழைக்கு அடித்த மருந்துதான் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
- வாசகி, பனச்சமூடு

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை அம்மா. உங்கள் ஈக்கள் பட்டினியில் செத்திருக்கின்றன. எப்படிச் சொல்கிறேன் என்றால், விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தலையை அறைக்குள் விட்டு, பின்பக்கம் வெளியே தெரிய ஈ செத்துக் கிடந்தால், கடைசிச் சொட்டுத் தேனை நக்கப் போன இடத்திலேயே உயிர் போயிருக்கிறது என்று அர்த்தம். அடையின் மூலையில் மெழுகால் மூடிய தேன் ஒரு விரலகலமாவது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், காய்ந்து வெறுமையாகத்தான் இருக்கும்.

முதலில் வீட்டுக்காரர் சொன்ன மருந்தைப் பார்ப்போம். சந்தேகப்படுவதில் தப்பில்லை, வாழைப்பூவுக்கு ஈ போகும். ஆனால் மருந்து பட்டால் வெளியே மேயப்போகும் ஈதான் முதலில் விழும். வாசலுக்கு முன்னால் மண்ணில் குவியலாகக் கிடக்கும். நாக்கு வெளியே நீண்டிருக்கும், சிலது செத்தும் சாகாமலும் சுற்றிச் சுற்றி வரும். ஒரே இடத்தில் இருக்கிற இரண்டு பெட்டியில் ஒன்று மட்டும் அடியோடு போய், மற்றது பூரண சுகமாக இருப்பது மருந்தில் அபூர்வம். வாசலில் அப்படி விழுந்ததாக நீங்கள் எழுதவில்லை. வாழைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். மருந்தடிக்கும் முன்தினம் ஒரு வார்த்தை சொல்லும்படியும், ஈ கூடு திரும்பிய பிறகு சாயங்காலம் அடிக்கும்படியும் கேட்டுக்கொண்டால் போதும்.

அண்ணன் சொன்ன மெழுகுப்புழு எல்லாப் பெட்டிக்கும் வரும். ஈ நெருக்கமாக அடையை மூடியிருந்தால் அந்தப் பூச்சியின் முட்டையையும் குஞ்சுப்புழுவையும் தூக்கி வெளியே எறிந்துவிடும். ஈ குறைந்து அடை வெறிச்சோடிய பிறகுதான் புழு நூல் கட்டிப் பரவும். இழவு வீட்டில் பந்தல்காரனைப் பார்த்து இவன்தான் கொன்றான் என்பது போலத்தான் அண்ணன் பேச்சு. அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் அருமனைப் பக்கத்திலும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

கூட்டம் பறந்துபோனதா என்ற கேள்வியும் உண்டு. நம் நாட்டு ஈக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடுகிற குணம் அதிகம். ஆனால் போகிற கூட்டம் தேனைக் குடித்துத் தீர்த்து, தன் புழுக்களை வளர்த்துக் கரையேற்றி, ஆளோடு ஆளாகக் கிளம்பும். அடியில் பிணம் விட்டுப் போகாது. இங்கே ஒரு பிடி பிணம் கிடக்கிறது.

இனி, நீங்கள் சாதாரணமாக எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். ஆகஸ்டு தொடக்கத்தில் வாசலில் ஈ நன்றாகப் போய்வந்தது என்கிறீர்கள். அந்த ஈக்களின் காலில் மஞ்சளாக மகரந்தப் பொடி இருந்ததா? இருந்தால் அவை உங்கள் சின்னப் பெட்டியின் ஈக்கள். வெறுங்காலோடு, வாசலில் தயங்கித் தயங்கி நுழைந்து, வயிறு கனத்து வெளியேறினால் அது பெரிய பெட்டிக் கூட்டம் வந்து கொள்ளையடித்தது. அடித்தட்டைத் துடைத்துப் பாருங்கள். மெழுகுத்தூள் உதிர்ந்து, தேன் மூடிகள் கிழிந்திருந்தால் இதுதான் நடந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் பார்த்தேன், நன்றாக இருந்தது என்று பலபேர் சொல்வது இந்தக் கொள்ளைக் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

ஆனால் கொள்ளை நடந்திருந்தாலும் காரணம் அதற்கும் முந்தியது. நீங்கள் பிரித்த மாதம் தப்பு. நம் பக்கத்தில் ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்த்து, இளம் இலை காம்பில் தேன் சுரப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, கொஞ்சம் ஏப்ரலும் சேர்த்துக்கொள்ளலாம். இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும். ஜூலையில் தோட்டம் பச்சைப்பசேல் என்று நிற்கும், ஈக்கு அதில் ஒரு சொட்டு கிடையாது. அப்புறம் மகரந்தத்துக்குத் தென்னையும் தொட்டாச்சிணுங்கியும் இருந்தாலும், மழை விடாமல் அடித்தால் வெளியே போகவே முடியாது. இந்தக் காலத்தில் ராணி முட்டையைக் குறைக்கும். பழைய ஈக்கள் வயதாகி ஒவ்வொன்றாய்ச் சாகும், பதிலுக்குப் புதியது வராது. நம் நாட்டு ஈக்கு வைக்கிற நியூட்டன் பெட்டியின் கீழ்த்தட்டில் ஏழு சட்டம், அதாவது ஏழு அடை, கொள்ளும். மூன்று அடையோடு மழைக்குள் நுழைந்த கூட்டம் ஜூலைக்குள் ஒரு அடையை மூடவே திணறியிருக்கும். அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இருப்பு முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. அதனால்தான் உங்களுக்கு இது திடீரென்று நடந்த மாதிரி இருக்கிறது. பிரிப்பதென்றால் அக்டோபர், நவம்பரில் பிரியுங்கள். ராணி பிறந்து கூட்டம் பெருக, சரியாக ரப்பர் துளிர்க்கும்.

பாகைக் குடிக்கவில்லை என்றீர்களே, அதுவும் கவனிக்கவேண்டிய அடையாளம். ஈ குறைந்த கூட்டம் ஒரு சிரட்டையை ஒரே ராத்திரியில் முடிக்காது, பாகு புளித்துப்போகும். அளவைக் குறைத்து அடிக்கடி வையுங்கள். சீனியும் தண்ணீரும் சமபங்கு, கொதித்த தண்ணீரில் கரைத்து ஆறவைத்தது. கருப்பட்டியும் வெல்லமும் வேண்டாம், ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். சிரட்டையில் ஈ மூழ்காமல் இருக்க நாலு ஓலைக் குச்சி போடுங்கள். வைக்கும்போது சாயங்காலம் இரண்டு பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வையுங்கள், பெட்டியின் வெளியே ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. எறும்புக்குத் தாங்கியின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும், கிண்ணம் வற்றவிடாதீர்கள்.

கேள்வி: செத்த கூட்டத்தின் பெட்டியையும் அடையையும் வேறு கூட்டத்துக்குக் கொடுக்கலாமா? 1990களில் நோய் வந்து எல்லாம் அழிந்தது என்று அப்பா சொல்வார், அந்தப் பயம் இருக்கிறது.
- வாசகர், வெள்ளறடை

பதில்: அப்பா சொல்வது சரி. 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்கிற நச்சுயிரி நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. எங்கள் தெருவிலேயே பெட்டிகள் காலியாகி விறகுக்குப் போயின. அந்த நோய் வளர்ந்த ஈயில் வெளியே தெரியாது, ஈயின் புழுவைத்தான் கெடுக்கும். மூடப்படாத அறையில் புழு நிமிர்ந்து, தலை கூராக மேலே தூக்கிக் கிடக்கும். ஊசியால் தூக்கினால் உள்ளே தண்ணீர் நிரம்பிய பை மாதிரி முழுசாக வரும். அப்படி இருந்தால் அடை, பெட்டி எதையும் வேறு கூட்டத்துக்குக் கொடுக்கவேண்டாம். அடையை உருக்கி மெழுகாக்கிவிடுங்கள், பெட்டியைச் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளே தீயைச் சற்று ஓட்டி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

பட்டினிதான் என்றால் பயமில்லை. மெழுகுப்புழு ஏறாத அடைகளை மட்டும் பெரிய கூட்டத்துக்குக் கொடுக்கலாம், வாங்கும் கூட்டம் அவற்றை முழுதாக மூடும் அளவுக்கு ஈயோடு இருக்கவேண்டும். நூல் கட்டிய அடையை வைத்திருந்து பிரயோஜனமில்லை, அன்றைக்கே உருக்குங்கள். பெட்டியைச் சுத்தப்படுத்தி, அக்டோபரில் வரும் கூட்டத்துக்காகத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள்.