டிசம்பரில் ஒரே நாளில் ஆக்ரா: தாஜ் மகாலுக்கு முன் பார்க்க வேண்டிய சமாதி

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் டெல்லி போகிறோம். அதில் வெள்ளிக்கிழமையை ஆக்ராவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். விடியற்காலையில் பார்த்தால்தான் தாஜ் மகால் அழகு என்கிறார்கள். முழங்கால் வலியுள்ள 72 வயது அம்மாவும் 13 வயது மகனும் உடன் வருகிறார்கள். எப்படிப் போகலாம்? கறுப்பு தாஜ் மகால் கதை உண்மையா என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பதில்: முதலில் கிழமையை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமையன்று தொழுகைக்கு வருபவர்களைத் தவிர வேறு யாரையும் தாஜ் மகாலுக்குள் விடமாட்டார்கள்.

விடியற்காலை யோசனையும் வேண்டாம். அக்டோபர் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். டிசம்பர் கடைசியில் யமுனைக் கரையைப் பனிமூட்டம் மூடிக்கொள்ளும். சில நாள் வாயிலைத் தாண்டி நின்றாலும் கும்மட்டம் கண்ணுக்குப் படாது. ரயில்களும் தாமதமாகும். அதனால் தாஜ் மகாலைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டு, காலையில் இதிமாத் உத் தௌலா சமாதிக்குப் போங்கள். ஆக்ராவில் 'பேபி தாஜ்' என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

பலரும் ஆக்ரா கோட்டையைத்தான் இரண்டாவது இடமாகச் சொல்வார்கள். ஷாஜகானை 1658 முதல் 1666இல் அவர் இறக்கும்வரை ஔரங்கசீப் சிறைவைத்த இடம் அது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அமர் சிங் வாயிலிலிருந்து ஏறும் சரிவுப்பாதை அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. இதிமாத் உத் தௌலா சின்னத் தோட்டம், நடை குறைவு. அதோடு, உங்கள் மகனின் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

அது மும்தாஜின் தாத்தா மிர்சா கியாஸ் பேகின் சமாதி. அவர் மகள் நூர்ஜகான் 1622க்குப் பிறகு கட்டியது. பளிங்கில் பள்ளம் வெட்டி வண்ணக் கற்களைப் பதிக்கும் வேலை தாஜுக்கு முன்பே இங்கே சுவரெல்லாம் நிறைந்திருக்கிறது. பூச்சாடி, மதுக்குடுவை, சைப்ரஸ் மரம் என்று நின்று நிதானமாகப் பாருங்கள். பிறகு உள்ளே போய் இரண்டு கல்லறைகளையும் மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். நட்டநடுவில் இருப்பது முதலில் இறந்த மனைவி அஸ்மத் பேகத்தின் கல்லறை. கணவருடையது பக்கத்தில் ஒதுங்கியிருக்கும்.

தாஜிலும் இதே ஏற்பாடுதான். 1631இல் பதினான்காவது பிரசவத்தின்போது புர்கான்பூரில் இறந்த மும்தாஜின் கல்லறை மையத்தில். ஷாஜகானுடையது மேற்கே ஒதுங்கி, கொஞ்சம் பெரிதாக. 'அவருக்கு ஆற்றுக்கு அக்கரையில் கறுப்புப் பளிங்கில் தனிச் சமாதி கட்டுவதாக இருந்தது, அது நடக்காததால் இங்கே திணித்துவிட்டார்கள்' என்று சொல்ல இந்த ஒதுக்கத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். தாத்தா சமாதியைப் பார்த்துவிட்டு வரும் பையனுக்கு அந்த வாதம் நிற்காது என்று தானே புரியும். அக்கரையில் சமாதி தொடங்கப்பட்டது என்று எழுதியவர் 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வணிகர் தவர்னியே. 1990களில் அங்கே தோண்டியபோது கிடைத்தது நிலவொளித் தோட்டமான மெஹ்தாப் பாக்கின் எண்கோணக் குளமும் நீர்வழிகளும். கறுப்புச் சமாதிக்கான அடித்தளம் எதுவும் இல்லை.

தாஜைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினார் என்ற கதையையும் யாராவது சொல்வார்கள். அதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. தாஜைக் கட்டியவராகச் சொல்லப்படும் உஸ்தாத் அகமது லாகோரி, அடுத்து டெல்லி செங்கோட்டை வேலையிலும் இருந்தவர். இவ்வளவு நுணுக்கமாக உழைத்த கைவினைஞர்களை அந்த ஒரு கொடூரக் கதையோடு மட்டும் நினைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, தாஜுக்கு வருவோம். சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குள் கிழக்கு வாயிலுக்குப் போய்விடுங்கள். டிக்கெட் மூன்று மணி நேரம் செல்லும். சூரியன் மறைய அரை மணி முன்பே மூடிவிடுவதால், அந்த மாதத்தில் ஐந்து மணி வாக்கில் வெளியேற்றிவிடுவார்கள். பெட்ரோல், டீசல் வண்டிகளை அருகில் விடமாட்டார்கள் என்பதால் ஷில்ப்கிராம் வண்டி நிறுத்தத்தில் இறங்கி பேட்டரி வண்டியில் போகலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் வாயிலில் கேளுங்கள். இந்தியர்களுக்கு 50 ரூபாய், சமாதி மேடைக்கு ஏற இன்னும் 200. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. தொல்லியல் துறையின் இணையதளத்திலேயே வாங்கிவிடுங்கள். சாப்பாடு, புகையிலை, தீப்பெட்டி, கேமரா முக்காலி எதையும் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் பாட்டில் பரவாயில்லை.

அந்த 200 ரூபாய் அம்மாவுக்குத் தேவையில்லை. படி ஏற வேண்டும்; தோட்டத்திலிருந்தே கட்டடம் முழுதாகத் தெரியும். நீங்களும் மகனும் கட்டாயம் ஏறுங்கள். வாசலைச் சுற்றியுள்ள கறுப்புக் கல் எழுத்துகளை அடியிலிருந்து உச்சிவரை பாருங்கள். கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று மேலே போகப்போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார் அவற்றை வடிவமைத்த எழுத்துக்கலைஞர் அமானத் கான். உள்ளே படம் எடுக்கக்கூடாது. கூட்டம் நகர்த்திக்கொண்டே இருக்கும், அதனால் முதலில் மும்தாஜின் கல்லறை மீதுள்ள பூக்களைப் பாருங்கள்: ஒரே பூவில் எத்தனை சின்னச் சின்னக் கற்கள், இணைப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். உண்மையான கல்லறைகள் அதற்கு நேர் கீழே நிலவறையில் உள்ளன. ஷாஜகானின் உர்ஸ் (ஆண்டு நினைவு) நாட்களில் மட்டும்தான் திறப்பார்கள்.

திரும்பும் ரயிலை மாலை ஆறு மணிக்கு முன் போடாதீர்கள்.